மூன்று தலைப்பாகைத் தூதன்

குறுமலை, நெடுங்காடு, ஆழிக்கரை என்று மூன்று சின்ன நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூன்றிலும் விளைந்தது மிளகு. அதை வாங்கியதோ ஒரே ஒரு நாடு, மகாபுரிப் பேரரசு. மகாபுரிச் சக்கரவர்த்தி பிரதாபசேனருக்குச் சின்ன நாடுகளின் மேல் அளவு கடந்த அன்பு. அந்த அன்பில் மிளகின் விலையை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் குறுமலை அரசன் கோளரிவர்மனுக்கு மகாபுரியிலிருந்து ஓலை வந்தது. "ஆருயிர் நண்பனே, உன் பக்கத்து நாட்டான் மலிவாகத் தருகிறேன் என்று கெஞ்சுகிறான். நீ அதற்கும் குறைத்துத் தந்தால் உன்னிடமே வாங்குவேன். இது நமக்குள் இருக்கட்டும்."

கோளரிவர்மன் பூரித்துப் போனான். 'ஆருயிர் நண்பனே' என்ற இடத்தை மட்டும் சபையில் மூன்று முறை வாசிக்கச் சொன்னான். பிறகு விலையைக் குறைக்க உத்தரவிட்டான். மலையில் மிளகு போட்டவர்கள் கட்டுப்படியாகாமல் கொடிகளைப் பிடுங்கி அடுப்பெரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த விஷயம் ஓலையில் எழுதப்படாததால் அரசனுக்குத் தெரியவில்லை.

அவன் சபையில் விடங்கன் என்று ஒருவன் இருந்தான். அரசனுக்குப் பொழுது போகாதபோது பேசுவதுதான் அவன் உத்தியோகம். அவனுடைய மாமனாரும் மிளகுக்காரர். கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மகள் வீட்டில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து விடங்கனுக்கு நாட்டுப்பற்று பொங்கியது.

அரசனிடம் அந்த ஓலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 'நம் பெருமையைப் பக்கத்து நாட்டாருக்குக் காட்டிவிட்டு வருகிறேன்' என்று கிளம்பினான். போன இடத்தில் அந்த அரசர்களும் ஆளுக்கொரு ஓலையைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். அதே எழுத்து, அதே கெஞ்சல், அதே ஆருயிர் நண்பன். நெடுங்காட்டுக்குப் போன ஓலையில் மட்டும், எழுதியவன் அவசரத்தில் ஆழிக்கரை அரசன் பெயரைப் போட்டுவிட்டு அடித்துத் திருத்தியிருந்தான்.

விடங்கன் மூன்று அரசர்களையும் ஓரிடத்தில் கூட்டி, மூன்று ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தான். மூவரும் படித்தார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு, இனி மூன்று நாட்டுக்கும் ஒரே விலை, அதற்குக் கீழே யாரும் ஒரு மணி மிளகுகூடத் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். இதை மகாபுரியில் போய்ச் சொல்வது யார் என்ற பேச்சு வந்ததும் மூவருக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. விடங்கனைப் பார்த்தார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். மகாபுரியின் கட்டளை கடுமையானது. மூன்று நாடும் சேர்ந்து வரக் கூடாது. ஒவ்வொரு நாட்டின் தூதனும் தனியாக வர வேண்டும். ஒரு தூதன் இன்னொரு தூதனின் முகத்தைப் பார்க்கவே கூடாது. விடங்கன் யோசித்தான். ஒவ்வொரு அரசனிடமும் ஒரு முத்திரை ஓலையும் ஒரு தலைப்பாகையும் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டான்.

முதலில் குறுமலையின் சிவப்புத் தலைப்பாகையோடு மண்டபத்தில் நுழைந்தான். வர்த்தக அமைச்சர் கீர்த்திவல்லபர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்வது? நெடுங்காட்டுத் தூதர் காலையிலேயே வந்து பாதி விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று விடங்கன் வெளியே போனான். நெடுங்காட்டின் பச்சைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு திரும்ப வந்தான். சின்ன நாட்டுத் தூதர்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அமைச்சருக்கு இல்லை. தலைப்பாகையோடு பேசினார்.

"குறுமலைத் தூதர் இப்போதுதான் போகிறார். கால் விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்."

"அழுதாரா?" என்று விடங்கன் விசாரித்தான்.

"தேம்பித் தேம்பி."

மூன்றாவதாக ஆழிக்கரையின் வெள்ளைத் தலைப்பாகையோடு வந்தபோது, சிம்மாசனத்தில் முதலிலிருந்தே வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நில். மூன்று முறையும் வந்தது நீதானே?"

காவலர்கள் ஈட்டிகளை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். ஓடுவதற்கு வழியில்லை என்று தெரிந்ததும் விடங்கன் குனிந்து வணங்கினான்.

"நான்தான், பெருமானே. மூன்று நாட்டுக்கும் முறையான தூதன். முத்திரை ஓலைகள் இதோ. தங்கள் கட்டளையையும் நான் மீறவில்லை. ஒரு தூதன் இன்னொரு தூதனின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றீர்கள். இந்த மண்டபத்தில் கண்ணாடி இல்லை."

சக்கரவர்த்தியின் மீசை லேசாக அசைந்தது.

"ஆனால் இங்கே வந்ததில் என்னைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்" என்றான் விடங்கன். "காலையில் பாதி விலைக்கு அழுதிருக்கிறேன். அதன் பிறகு கால் விலைக்குத் தேம்பியிருக்கிறேன். இரண்டும் எனக்கே புதுச் செய்தி."

கீர்த்திவல்லபர் தூணின் வேலைப்பாட்டைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். விடங்கன் மூன்று நாடுகளின் ஒரே விலையைச் சொன்னான். அதற்குச் சம்மதமில்லையென்றால் மூன்று நாட்டிலிருந்தும் மிளகு வராது என்பதையும் பணிவாகச் சேர்த்துக்கொண்டான். மிளகில்லாமலே சமாளிப்போம் என்றார் அமைச்சர். சக்கரவர்த்தி மடைப்பள்ளித் தலைவனைக் கூப்பிட்டு விசாரித்தார். கையிருப்பு ஒன்பது நாளைக்குத்தான் வரும் என்று தெரிந்தது. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். வேறு பேச்சில்லாமல் ஒப்பந்தத்தில் முத்திரை வைத்தார்.

வைத்த பிறகு விடங்கனைப் பக்கத்தில் அழைத்தார். "இந்த மூன்று நாட்டுக்கும் நீ ஏன் உழைக்கிறாய்? என்னிடமே தூதனாக இருந்துவிடு. இனி அந்த நாடுகளோடு நீயே எனக்காகப் பேசு."

"ஆசைதான், பெருமானே. ஆனால் அந்தப் பக்கம் பேச வருபவனும் நான்தான். எனக்குத் தெரிந்தவரை அவனை நம்ப முடியாது."

சக்கரவர்த்தி சிம்மாசனம் அதிரச் சிரித்தார்.

விடங்கன் ஊர் திரும்பினான். மாமனார் புதுக்கொடி நட மலைக்குக் கிளம்பியதே பெரிய வெகுமதி என்று அவன் நினைத்தான். அரசர்களோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு மூவரும் சேர்ந்து பெரிதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். என்ன கொடுப்பது என்று பேச இதுவரை ஏழு மாநாடுகள் நடந்திருக்கின்றன. ஏழிலும் விருந்து பிரமாதம்.