சைக்கிள் பாட்டுக்கு எத்தனை திரை

இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு ஜெனிட்டா. சாலிகிராமத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் சின்னதாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள். பிறர் பதிந்து கொண்டுவரும் பாட்டுகளைச் சீர்செய்து கொடுப்பது அவள் தொழில். சீடர் தணிகாசலம். வாலிபத்திலிருந்து கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். எல்லாருடைய பாட்டையும் வாசித்திருக்கிறார். தன் பாட்டு என்று ஒன்றை வாசித்ததில்லை.

கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே அவளை “மாஸ்டர்” என்றார்.

“ஐயோ, வேணாம்ண்ணே. பேரைச் சொல்லியே கூப்பிடுங்க.”

“கத்துக் குடுக்கிறவங்க மாஸ்டர்தான். வயசை நான் பாத்துக்கறேன்.”

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த மாதம் தணிகாசலத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவர் வாசித்ததை ஏதோ ஒரு கல்யாணத்தில் கேட்டிருந்த ரிஸ்வான் என்கிற பையன், இப்போது இயக்குநராகித் தன் முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட ஒரு பெண், முதல் தடவையாகத் தனியாகக் கடைத்தெரு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்றான்.

ஒரு காலையில் தணிகாசலம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“மாஸ்டர், இடம் பத்தல.”

“எங்க?”

“இதுலதான். மிக்ஸரைத் திறந்தா வாத்தியம் மறைஞ்சு போகுது. வாத்தியத்தைத் திறந்தா பாட்டே மறைஞ்சு போகுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது. நேத்து எதையோ தேடித் தேடி, என்னத்தைத் தேடினேன்னே மறந்துட்டேன்.”

“அதனால?”

“பெரிய மானிட்டரா ரெண்டு வாங்கிடலாம்னு பாக்கறேன். ஆனா வீட்டுல இருக்கிறது ஒரே மேஜை. அதுல பாதி கஸ்தூரியோட தையல் மெஷினுக்கு. ‘அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்’னு சொல்லிட்டா.”

ஜெனிட்டா லேப்டாப்பை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க நாடகத்துக்கு வாசிச்சிருக்கீங்கல்ல?”

“வாசிச்சிருக்கேனே. செய்யாறு பக்கம். ஆர்மோனியம்.”

“மேடை எவ்வளவு பெருசு இருக்கும்?”

“பெருசு என்ன பெருசு? ரெண்டு மாட்டு வண்டி நிறுத்தலாம்.”

“அதுல அரண்மனை எப்படி வந்துச்சு? காடு எப்படி வந்துச்சு?”

“படுதாதான் மாஸ்டர். ஓரத்துல ஒருத்தன் கயித்தை இழுப்பான். அரண்மனை மேல போகும், காடு கீழ வரும். ராஜா நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, ‘ஆ! வழி தவறிவிட்டேனே!’ம்பார்.” அவரே ராஜாவாகிக் கைகளை விரித்தார்.

ஜெனிட்டா இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாள். திரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப் போனது. துடைத்து வைத்ததுபோல் ஒரு வெற்றுத் திரை வந்து நின்றது.

தணிகாசலம் பதறிப்போனார். “என் பாட்டு எங்க?”

மறுபடி அழுத்தினாள். போனதெல்லாம் திரும்பி வந்தது.

“இதுக்குப் பேர் விர்ச்சுவல் டெஸ்க்டாப். மேடை ஒண்ணுதான், படுதா எத்தனை வேணா. ஒண்ணுல மிக்ஸரை வைங்க. ஒண்ணுல வாத்தியம். ஒண்ணுல பாட்டு. கயிறு உங்க கையில.”

அவர் பாட்டை ஓடவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தார். திரை மாறிக்கொண்டே இருந்தது. பாட்டு நிற்கவில்லை. குழந்தைபோல் கைதட்டினார். கீழே ஓடிப்போய்ச் சூடான தேங்காய் பன் வாங்கிவந்து குருவின் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

பிறகு சில நாள் அவர் வரவில்லை.

வீட்டில் அவருக்கு இனி இடப்பஞ்சம் கிடையாது. வயலினுக்கு ஒரு டெஸ்க்டாப் ஒதுக்கினார். அவ்வளவு இடத்தில் இரண்டே வயலின் என்றால் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து நிறுத்தினார். கோரஸுக்கு ஒரு டெஸ்க்டாப். புல்லாங்குழலுக்கு ஒன்று. டிரம்பெட்டும் தவிலும் பக்கத்துப் பக்கத்தில். நிறைந்தால் இன்னொன்று திறந்தார்.

காபி கொண்டுவந்த கஸ்தூரி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

“என்னங்க, உள்ள ஊர்வலம் போகுதா?”

அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ரிஸ்வான் வீட்டுக்கு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக்கா சைக்கிள்ல போறாங்க. நீங்க பின்னாடியே தேரை இழுத்துட்டு வர்றீங்க.”

தணிகாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது.

“நாளைக்குச் சாயங்காலம் ஷூட்டிங்குக்குக் கிளம்பறோம். அதுக்குள்ள சரியா வந்தா நீங்கதான் சார். வரலைன்னா அந்தக் காட்சியைப் பாட்டு இல்லாமலே எடுத்துக்கறேன்.”

மறுநாள் ஜெனிட்டா கூடத்தைத் திறக்க வந்தபோது தணிகாசலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“மாஸ்டர், இன்னும் எத்தனை டெஸ்க்டாப் திறக்கலாம்?”

“எத்தனை வேணா திறக்கலாம். ஏன்?”

“பாடின அம்மாவோட குரல் அமுங்கிப் போச்சு. குரலுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்துட்டா தூக்கி நிறுத்திடலாம்னு தோணுது.”

ஜெனிட்டா பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். அவர் கேட்டபடியே புதிதாக ஒரு டெஸ்க்டாப் திறந்தாள். அதில் ஒரு புதுக் கோப்பு. அதற்குள் பாடகியின் குரலை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

“எது இல்லைன்னா படத்துல வர்ற அந்தக்கா சைக்கிள்லேர்ந்து விழுந்துடுவாங்களோ, அதை மட்டும் இங்க கூட்டிட்டு வாங்க.”

தணிகாசலம் முதலில் கிட்டாரை அழைத்து வந்தார். அது குரலுக்குப் பக்கத்தில் சமர்த்தாக நின்றது. கஞ்சிரா வந்தது. அதுவும் நின்றது. வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்தார். கேட்டார். காதைச் சொறிந்தார். அவரே திரும்பக் கொண்டுபோய் விட்டார். டிரம்பெட் வந்த வேகத்தில் போனது. தவிலைக் கொண்டுவரும்போதே சிரித்துவிட்டார்.

புல்லாங்குழலில் மட்டும் கை தயங்கியது.

“இது இருக்கட்டும் மாஸ்டர்.”

“இருக்கட்டுமே.”

வைத்துக் கேட்டார். எடுத்துக் கேட்டார். மறுபடி வைத்துக் கேட்டார். கடைசியில் எடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

“என் பேர் போட்டு வரப்போற முதல் பாட்டு. இவ்வளவு ஒல்லியா இருந்தா, இந்த ஆள்கிட்ட சரக்கே இவ்வளவுதான்னு நெனைச்சுட மாட்டாங்களா?”

“இன்னொரு தடவை போடுங்கண்ணே.”

போட்டார். கிட்டார், கஞ்சிரா, குரல். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சட்டென்று நிமிர்ந்தார்.

“மாஸ்டர், இந்தம்மா மூச்சு வாங்கறது கேக்குது.”

“மிதிக்கிறாங்கல்ல?”

அதற்கு மேல் அவர் எதையும் கொண்டுவரவில்லை.

மதியம் ரிஸ்வானை அங்கேயே வரச் சொன்னார்கள். அவன் சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டான். பாட்டு பாதி போகும்போதே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அவன் பேசுவது உள்ளே கேட்டது.

“அக்கா, சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைங்க. பாட்டு வந்துருச்சு.”

தணிகாசலம் எழுந்தார். உட்கார்ந்தார். கஸ்தூரிக்குப் போன் போட்டுவிட்டு, அவள் எடுத்ததும் போனை அப்படியே ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் நின்றது தெரிந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு, ரிஸ்வானும் போன பிறகு, அவர் லேப்டாப்பில் படுதாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வயலின் கூட்டம் போனது. கோரஸ் போனது. தவிலும் டிரம்பெட்டும் போயின. கடைசியில், கிட்டார், கஞ்சிரா, குரல் என்று மூன்றே கோடுகள் உள்ள திரை வந்து நின்றது.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“கடைசியில ஒரு திரைதானே தேவைப்பட்டுச்சு? அப்புறம் எதுக்கு அன்னைக்கு எனக்கு அத்தனை திறக்கச் சொல்லிக் குடுத்தீங்க?”

ஜெனிட்டா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

“அரிசியை முறத்துல பரப்பாம, குவிச்சு வச்சுக்கிட்டாண்ணே கல்லு பொறுக்குவாங்க?”