முப்பத்தொரு சரியான விடைகள்

“வாசிக்கிற பிள்ளையோட முகத்தைப் பாருடா, தாள்ல என்ன...” என்று பள்ளிக்கூடம் நடத்திய பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி தணிகாசலத்துக்கு மறந்துவிட்டது.

மஸ்கட்டிலிருந்து திரும்பி ஐந்தாம் வகுப்பில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். வயது நாற்பத்தெட்டு. வாசிப்புக் கையேடு ஒன்று எழுதியிருந்தார். அது அச்சானால் வேலை நிரந்தரமாகும். அதற்கு, கையேடுகளுக்கு ஒப்புதல் தரும் எமல்டா டீச்சரின் கையெழுத்து வேண்டும். டீச்சர் தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் வாசிப்பு என்றால் மாவட்டமே அவரிடம்தான் பாடம் கேட்கும்.

அன்று டீச்சர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

“ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன், டீச்சர். என்ன குறை இதுல?”

“முறையைச் சொல்லுங்க சார்.”

“கேள்வியில இருக்கிற சொல்லுக்கு அடிக்கோடு போடணும். அதே சொல்லைப் பத்தியில தேடணும். அந்த வரியை எழுதணும். அவ்வளவுதான். ஒரு பிள்ளைகூடத் தப்பாது.”

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் எழுதினார்.

‘நம் பள்ளி திங்கள் முதல் மூடப்படும். மாணவர்கள் ஆறு கிலோமீட்டர் நடந்து கரடிக்குளம் பள்ளிக்குச் செல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.’

கீழே மூன்று கேள்விகள். பள்ளி எப்போது மூடப்படும்? மாணவர்கள் எங்கே செல்ல வேண்டும்? யார் விடுவிக்கப்படுவார்?

ஆறு நிமிடத்தில் தாள்கள் வந்தன. தணிகாசலம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

“முப்பத்தொரு பேரும் முழு மார்க், டீச்சர்.”

“மூணாவது விடை?”

“ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க.”

“அது யாரு சார்?”

பேனா நின்றது. அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து பார்த்தார்.

“ஆர்டர் வந்திருச்சா, டீச்சர்?”

“இல்ல. நானா எழுதினது. இதைக் கேக்க உங்களுக்கு முப்பத்தொரு தாள் ஆச்சு.”

அவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

“ஏம்பா, பள்ளிக்கூடத்தை மூடறாங்கன்னு எழுதியிருக்கு. நீங்க ஆறு கிலோமீட்டர் நடக்கணும். யாருக்கும் ஒண்ணும் தோணலையா?”

முன்வரிசையில் கனிஷ்கா எழுந்தாள். எப்போதும் முதல் மார்க் வாங்குபவள்.

“அது கேள்வியில இல்ல சார்.”

உட்கார்ந்துகொண்டாள்.

எமல்டா டீச்சர் கையேட்டை மேசைமேல் வைத்து, தன் பேனாவைத் திறந்தார்.

“இனி நீங்க சொல்லுங்க. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?”

தணிகாசலம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், இங்கே என்று காட்டி விரலை வைத்தார்.