ஒச்சாயியின் செம்புக்குடம்

கரட்டுமலை அடிவாரத்தில் ஒச்சாயி என்றொரு குடியானவள் இருந்தாள். வாய்க்கும் அஞ்சாதவள், வேலைக்கும் அஞ்சாதவள். யாருக்கும் வேண்டாத பொட்டல் ஒன்றை அரசன் அவளுக்குக் கொடுத்தான். மண்ணுக்கு மேலே விளைவது அவளுக்கு, அதில் ஆறில் ஒரு பங்கு வரி. மண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் அரசனுக்கு. மீறினால் நிலம் போய்விடும் என்று ஓலையில் எழுதியிருந்தது.

எள் விதைத்தாள், கருகியது. கேழ்வரகு விதைத்தாள், மஞ்சளாகி மடிந்தது. ஊதாப் பூப்பூக்கும் ஒரு காட்டுச்செடி மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. அதை அறுத்து எரித்தாள். தீ பச்சையாக எரிந்தது. செம்பு கலந்தால்தான் தீ அப்படிப் பச்சையாகும். மண்ணிலுள்ள செம்பை அந்தச் செடி குடித்து வளர்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறு ஆண்டு அதையே விதைத்தாள். களைக்கு விதை விட்டவளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சாம்பலைக் கரியோடு உலோகம் உருக்கும் மண்மூசையிலிட்டுத் துருத்தி ஊதி, அரிசி அரிசியாகச் செம்பு எடுத்தாள்.

வரி தண்டும் சேந்தன் ஆண்டுதோறும் வந்து, ஆறு கட்டுக்கு ஒரு கட்டாகச் செடியை வாங்கி அரண்மனை மடைப்பள்ளிக்கு விறகாக அனுப்பினான். அங்கே அடுப்பு பச்சையாக எரிவதைக் கண்ட சமையற்காரர்கள், பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்துவிட்டுச் சாம்பலைக் குப்பையில் கொட்டினார்கள்.

ஐந்தாம் ஆண்டு, தன் நிலத்துச் செம்பில் அடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒச்சாயி தண்ணீருக்குப் போனாள். அந்த நடைக்கு ஓர் ஊரையே எழுதி வைக்கலாம். சேந்தனும் பார்த்தான், செம்பு அந்தப் பொட்டலில் எடுத்தது என்று ஊரார் சொல்லக் கேட்டான். மண்ணுக்குக் கீழே இருந்த அரசன் பொருளைத் திருடிவிட்டாள் என்று அவளைக் குடத்தோடு சபைக்கு இழுத்து வந்தான்.

நிலம் போனால் ஐந்து வருடப் பாடும் போய்விடும். ஆனாலும் ஒச்சாயி தலை குனியவில்லை.

"ராசா, நான் கடப்பாரை போட்டு ஒரு குழி தோண்டலை. செடியைத்தான் அறுத்தேன்."

"செடி எடுத்தால் என்ன, இவள் எடுத்தால் என்ன? செம்பு கீழே இருந்ததுதானே?" என்றான் சேந்தன்.

இரண்டு பேச்சும் நியாயமாகத்தான் படுகிறது. கேட்பவர்களே, புத்தியைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு சொல்லுங்கள்: அந்தச் செம்பு யாருடையது?

விடை: ஒச்சாயியுடையதுதான். செடியை விளைச்சல் என்று ஒப்புக்கொண்டுதான் சேந்தன் ஆறில் ஒன்றை வாங்கினான். விளைச்சல் என்று வரி வாங்கிய பிறகு புதையல் என்று வழக்காட முடியாது. அரசனின் பங்கும் எங்கும் போய்விடவில்லை. மடைப்பள்ளிக் குப்பையில்தான் கிடக்கிறது. இப்படித்தான் அரசனும் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சேந்தனைப் பார்த்தான். சேந்தன் தூணைப் பார்த்தான். சாம்பலிலிருந்து செம்பெடுக்கும் வழி அந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒச்சாயி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சாம்பலை அள்ளிட்டு வரச் சொல்லுங்க ராசா, உருக்கித் தர்றேன்," என்றாள்.