ஒரே சொல் தெரிந்த நூல்

முன்பு ஒரு மாவு மில்லில், சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டது. ஆனால் இது பூனையின் கதை இல்லை. அதன் குட்டி ஒன்றின் மூடிய கண்ணுக்குள் நடந்த கதை.

பிறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் வைக்கக்கூட ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வேலை அப்படியே கிடக்கும். அந்தக் குட்டியின் விழித்திரையும் அப்படித்தான் இருந்தது. இமை ஒட்டியிருந்தது. உள்ளே கும்மிருட்டில் ஒரு ஊரே கட்டி முடியாமல் கிடந்தது.

அந்த ஊரில் கூம்பு என்று ஒரு செல் இருந்தாள். வெளிச்சத்தைப் பிடிப்பதற்கென்றே பிறந்தவள். ஆனால் வெளிச்சத்தைக் கண்ணால் கண்டதில்லை. பகலில் இமைத்தோல் லேசாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தே ஏங்கிப்போவாள். வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டுமானால் அவள் தலைமேல் தட்டுத் தட்டாக ஓர் அடுக்கு வளர வேண்டும். அது இப்போதுதான் முளை விட்டிருந்தது.

கூம்புக்குள் சேதிகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் கருவில் இருந்த காலத்துச் சேதிகள். "பெருகு! பெருகு!" என்று ஒன்று கத்தும். "அவசரம் என்ன? நீ எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம்!" என்று இன்னொன்று கூவும். தங்கள் காலம் முடிந்துவிட்டது என்பது அவற்றுக்கு மட்டும் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டுதான்.

இவற்றின் வாயைப் பொத்துவதற்கு இழை போல ஒரு குட்டி நூல் இருந்தது. படித்தவர்கள் அதை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பார்கள். பெயர்தான் நீளம், ஆள் துக்கடா. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: "போதும்." சேதி எது வந்தாலும் பாய்ந்து கட்டிக்கொண்டு "போதும்" என்று சொல்லிவிடும். அதனால் அதன் பெயரும் போதும் என்றே ஆகிவிட்டது.

ஒருநாள் பெருகு என்ற சேதி கூம்பின் காதில் ஓதியது. "நீ ஒருத்தி எத்தனை நாள் காத்திருப்பாய்? நூறு பேராகப் பெருகு. எல்லாரும் சேர்ந்து தள்ளினால் இமை திறக்காதா? இன்றைக்கே வெளிச்சம்!"

"போதும்" என்று நூல் பாய்ந்து அதன் வாயைப் பொத்தியது.

கூம்புக்கு ஆத்திரம் வந்தது. "என்ன போதும்? நான் இதுவரை எதைப் பார்த்துவிட்டேன், போதும் என்று சொல்ல?"

"போதும்..." என்றது நூல் தணிந்த குரலில்.

"உனக்கு ஆசை என்றால் என்னவென்று தெரியுமா? அடுத்தவர் ஆசையை அமுக்கத்தான் தெரியும். போய்த் தொலை!"

அநியாயமான பேச்சு. இந்த மாதிரி நூல்கள் இருட்டில் சீக்கிரம் இற்றுப்போகும். வெளிச்சம் பட்டால்தான் தழைக்கும். போதும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே இருந்தது. கூம்புக்கு வெளிச்சம் ஆசை, அதற்கோ உயிர். 'எனக்கும் வேண்டும்' என்று சொல்லத்தான் அதற்கு எவ்வளவோ விருப்பம். ஆனால் வாயைத் திறந்தால் வருவது அந்த ஒரு சொல்தான்.

கூம்பு அழுதாள். போதும் அதைப் பொறுக்க மாட்டாமல் நின்றது. தன் சொல்லே பொல்லாத சொல் என்று அதற்குப் பட்டது. பிடியை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா! "பெருகு!" "மாறு!" "அது ஆகு!" "இது ஆகு!" என்று சேதிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. கூம்பு பெருகவும் இல்லை, மாறவும் இல்லை. அவளுக்குத் தலை சுற்றியது. முளைத்திருந்த தட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மறுநாள் இமைத்தோல் வழக்கம்போலச் சிவந்தபோது, அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. தான் எதற்காக ஏங்கினோம் என்பதையே மறந்திருந்தாள்.

அந்த நேரத்தில் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. மில்காரர் தவசிமுத்துவும் அவர் மனைவி சேர்மக்கனியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இன்னும் கண்ணு தொறக்கலையே. வெந்நித் துணிய வச்சு ஒத்தி, லேசாப் பிரிச்சு விட்டுருதேன்."

"சும்மா கெட. அது தானாத் தொறக்கும்."

"நாளைக்கு நான் ரயிலேறிருவேன். தங்கச்சி பேறுகாலம் முடிஞ்சு எப்ப வருவேனோ? அதுக்குள்ள எம்மொகத்த ஒருவாட்டி பாத்துட்டா என்ன?" அவள் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பொறந்த அன்னைக்கே கையில எடுத்தவ நாந்தான."

சூடான துணி இமையில் பட்டது. விரல் இமையின் ஓரத்தை இழுத்தது. கீறலாக ஒரு வெளிச்சம் உள்ளே குத்தியது. பிடிக்கத் தட்டில்லாத கூம்பு வலியில் துடித்தாள்.

தவசிமுத்து சத்தம் போடவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்ட்டி, விட்டுரு. இப்பத் தொறந்தா ஒன்னயும் பாக்காது, ஒருத்தரையும் பாக்காது. நல்லாப் பாக்கணும்னுதான சொல்லுதேன்."

சேர்மக்கனி துணியை எடுத்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூலையில் கிடந்த நூல் தலையைத் தூக்கியது. தன்னுடைய சொல்லை இன்னொரு வாய் சொல்லி அது கேட்டதே இல்லை. அதுவும் இவ்வளவு பிரியமாக! இதை இப்படியும் சொல்லலாமா என்று அதற்கு ஆச்சரியமாக இருந்தது. இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பைத் திரட்டிக்கொண்டு எழுந்து வந்து, பெருகின் வாயைப் பொத்தியது.

"போதும்!"

மாறு என்ற சேதியையும் பொத்தியது. ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் கூம்புக்குத் தான் யார் என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. ஏக்கமும் கூடவே திரும்பி வந்தது. இந்த முறை அவள் சண்டை போடவில்லை. தட்டின்மேல் தட்டாக வளர்த்துக்கொண்டே இருந்தாள். நூலோ இன்னும் இளைத்துக்கொண்டே வந்தது.

"உனக்கும் அது வேண்டும், இல்லையா?" என்று கேட்டாள் கூம்பு.

"போதும்" என்றது நூல். சொல்லும்போது அதன் குரல் உடைந்தது. கூம்பு அதற்குமேல் கேட்கவில்லை.

சேர்மக்கனி ஊருக்குப் போய்விட்டாள். சில நாள் கழித்து ஒரு காலையில், யாரும் தொடாமலே இமை பிரிந்தது. மில் வாசலிலிருந்து வெயில் வந்தது. வெயிலுக்குள் மாவுத் தூசி பறந்தது. அதற்குப் பின்னால், புருவமெல்லாம் வெள்ளையாக, தவசிமுத்துவின் முகம் தெரிந்தது.

"பிடித்துவிட்டேன்!" என்று கத்தினாள் கூம்பு.

தவசிமுத்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "ஏ, தொறந்துட்டுட்டி!"

"யாரப் பாக்குது?"

"என்னத்தான்."

"நான் இல்லாமப் போயிட்டேனே" என்றாள் சேர்மக்கனி.

"நீ வா. வந்து நிக்கும்போது பாரு, ஒன்ன எப்படிப் பாக்குதுன்னு."

உள்ளே, கூம்பின் மேல் விழுந்த வெளிச்சம் நூலின் மேலும் விழுந்தது. இற்றுப்போக இருந்த நூல் அந்த வெதுவெதுப்பில் மெல்ல நிமிர்ந்தது.

"இன்னும் வேண்டுமா?" என்று கேட்டாள் கூம்பு. "சொல், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துத் தருகிறேன்!"

நூல் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, யார் வாயையும் பொத்தாமல், முதல் தடவையாக மனம் நிறைந்து சொன்னது:

"போதும்."