சிறுத்தையாரின் ஐந்து குடுக்கைகள்

ஒரு காட்டில் செந்நாய்கள் எட்டிப் பார்க்கவும் துணியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குழந்தைகளே. அது சிறுத்தையார் நடத்திய விலைக்கூடம். விலங்குகள் கொண்டுவரும் காய்கனிகளுக்கு விலை சொல்லி வாங்குவதும் விற்பதும் அங்கே நடக்கும். நெல்லிக்காய்தான் அங்கே காசு.

கூடத்தில் வேலை செய்பவர்கள் பக்கத்துக் குகையில் தங்கலாம். அவர்களைத் தின்பதில்லை என்று சிறுத்தையார் வாக்குக் கொடுத்திருந்தார். வேலைக்கான தேர்வுக்கு வந்து தோற்றவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வேலைக்குச் சருகி என்ற சருகுமான் தயாரானாள். சென்ற மழைக்காலத்தில் அவளுடைய தங்கையைச் செந்நாய்கள் கொண்டுபோய்விட்டன. அடுத்த மழைக்கு முன் குகைக்குள் போயே ஆக வேண்டும்.

கூடத்து மரத்தில் ஒரு கிளி இருந்தது. பழைய தேர்வுக் கேள்விகளெல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். சருகி அதனிடம் இருநூறு கேள்விகளைக் கேட்டு மனப்பாடம் செய்தாள். நான்கு சோழிகளை உருட்டினால் நான்கும் நிமிர்ந்து விழ எத்தனையில் ஒரு வாய்ப்பு? பதினாறில் ஒன்று. தூக்கத்திலும் "பதினாறு, பதினாறு" என்று முனகினாள்.

தேர்வு நாள் வந்தது. முதலில் துள்ளன் என்ற குரங்கு உள்ளே போனான். வெளியே நின்ற சருகிக்கு இருநூறு விடைகளில் நினைவில் நின்றது பதினாறு மட்டும்தான்.

சற்று நேரத்தில் துள்ளன் குதித்துக்கொண்டு வந்தான்.

"வேலை எனக்குத்தான்! நெல்லிக்காய் போட்டு மூடிய ஐந்து குடுக்கைகளை வைத்து, வாங்க ஒன்று, விற்க ஒன்று என்று இரண்டு விலை கேட்டார். நாற்பத்தொன்பதுக்கு வாங்குவேன், ஐம்பத்தொன்றுக்கு விற்பேன் என்றேன். நான் சொல்லி முடிக்கவில்லை, 'வாங்கினேன்' என்றார்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஐந்து குடுக்கைக்கும் அதே விலைதான். விலையை மாற்றினால் பயந்துவிட்டான் என்று நினைப்பார் அல்லவா? ஐந்தையும் வாங்கிக்கொண்டார். என் விலை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று!"

சருகி யோசித்தாள். 'அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது?'

"அடுத்து!" என்று உள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

சிறுத்தையார் வேறு ஐந்து குடுக்கைகளை வரிசையாக வைத்திருந்தார். அவர் மீசையில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. அது அத்திப்பழமாக இருக்க வேண்டும் என்று சருகி வேண்டிக்கொண்டாள்.

"ஐந்திலும் ஒரே அளவு நெல்லிக்காய். எத்தனை என்று உனக்குத் தெரியாது. ஒரு குடுக்கையை என்னிடம் என்ன விலைக்கு வாங்குவாய், அது உன்னுடையது என்று வைத்துக்கொண்டால் எனக்கு என்ன விலைக்கு விற்பாய்? சொன்ன விலைகளில் எதை நான் ஒப்புக்கொண்டாலும் நீ மறுக்கக் கூடாது."

கிளி சொல்லித் தந்த கேள்விகளில் இது இல்லவே இல்லை.

"முப்பதுக்கு... வாங்குவேன், ஐயா. எழுபதுக்கு விற்..."

"முப்பதுக்கு விற்றேன்!"

சருகியின் காதுகள் நிமிர்ந்தன. புதர் அசைந்தவுடன் ஓடிப் பழகிய உடம்பு அது. அவள் சொல்லி முடிக்கும் முன்பே இவர் ஏன் தள்ளிவிடுகிறார்? உள்ளே இருப்பது இவருக்குத் தெரியும். முப்பதைவிட மிகவும் குறைவாகத்தான் இருக்கும்.

"அடுத்த குடுக்கைக்கு?" என்றார் சிறுத்தையார்.

"விலை மாறிவிட்டது, ஐயா. எட்டுக்கு வாங்குவேன். இருபதுக்கு விற்பேன்."

"சற்று முன் முப்பது என்றாயே! சொன்ன சொல்லில் நிற்கத் தெரியாதா உனக்கு?" அவருடைய நகங்கள் மெல்ல வெளியே வந்தன.

சருகி அந்த நகங்களைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். "அது போன குடுக்கைக்கு, ஐயா. இதற்கு எட்டுதான்."

சிறுத்தையார் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை; அடுத்த குடுக்கைக்கு விலை கேட்கவும் இல்லை. துள்ளனை உள்ளே அழைத்து எல்லாக் குடுக்கைகளையும் உடைத்தார். சருகியின் குடுக்கை ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நெல்லிக்காய்கள் இருந்தன. அவளுக்கு ஒரே ஒரு குடுக்கையில் பதினெட்டு நஷ்டம். துள்ளன் ஐம்பத்தொன்றுக்குக் கொடுத்த ஒவ்வொரு குடுக்கையிலும் எண்பது இருந்தது. ஐந்துக்கும் சேர்த்து நூற்று நாற்பத்தைந்து போயிற்று.

"பயந்தாயா?" என்று சிறுத்தையார் சருகியைக் கேட்டார்.

"பயந்தேன், ஐயா."

"எதைப் பார்த்து?"

"நீங்கள் அவசரப்பட்டதைப் பார்த்து."

"என்னைப் பார்த்து இல்லையா?"

"உங்களைப் பார்த்தும்தான், ஐயா."

சிறுத்தையார் குகைப் பக்கம் கையைக் காட்டினார். "போய் இடம் பிடித்துக்கொள். நாளை முதல் வேலை." பிறகு மெதுவாகத் துள்ளன் பக்கம் திரும்பினார். துள்ளனுக்கு அப்போதுதான் மரத்தின் நினைவு வந்தது. அவன் ஏறிய வேகத்தில் கிளி பறந்துபோயிற்று. வால் நுனி மயிர் மட்டும் சிறுத்தையாரின் நகத்தில் மிஞ்சியது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் செந்நாய்களின் சத்தம் கேட்டது. தங்கையை நினைத்துக்கொண்டே சருகி குகையின் உள்மூலையில் சுருண்டு படுத்தாள். ஒரு காது மட்டும் சிறுத்தையார் இருந்த பக்கம் நிமிர்ந்தே இருந்தது.

நீதி: நாம் சொன்ன விலையை ஒருவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டால், மகிழ்வதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.