தொண்ணூற்றொன்பதாம் மாடியில் வேதாசலம்

அரக்கோணத்திலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில், ஐந்தாவது பெட்டியில் ஏறுகிறவர்களுக்கு வேதாசலத்தைத் தெரியாமல் இருக்காது. ஏதோ ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவு வேலை. ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாரென்றால் சென்ட்ரலில்தான் மூடுவார். போன தீபாவளிக்கு ஜப்பானிலிருந்து வந்த மருமகன் ஒரு கையடக்க வீடியோ கேம் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

எதிர் சீட்டு நர்ஸ் ஜெசிந்தாவுக்கு அந்த விளையாட்டு புதிதல்ல. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அவளும் போனில் அதையேதான் ஆடிக்கொண்டிருந்தாள். கோவணம் கட்டிய ஒரு குண்டு வீரனை நடத்திக்கொண்டு குகைக்குள் மாடி மாடியாகக் கீழே இறங்க வேண்டும். மொத்தம் தொண்ணூற்றொன்பது மாடி. ஒவ்வொரு தடவையும் குகையின் வழிகள் மாறிவிடும். நடக்க நடக்கப் பசிக்கும். குடைப் பேயும் ஊறுகாய் ஜாடிப் பூதமும் கேலி பேசிக்கொண்டே அடிக்கும். செத்தால் சேர்த்ததெல்லாம் போய், மறுபடி முதல் மாடி.

ஜெசிந்தா அறுபத்து மூன்று தடவை செத்திருந்தாள். நாலாம் மாடியைத் தாண்டியதே இல்லை. அதனால், "நேத்து தொண்ணூத்தொம்பதையும் முடிச்சுட்டேன்" என்று வேதாசலம் ஆரம்பித்தபோது அவளுக்கு நம்பவும் முடியவில்லை, விடவும் மனசில்லை.

"நாலாவது மாடியில அந்தக் குடைப் பேயை எப்படி சார் தாண்டினீங்க?"

"அது என்னைப் பார்த்ததும் தானா மடங்கிக்கிச்சு சிஸ்டர். கக்கத்துல இடுக்கிக்கிட்டு இறங்கிட்டேன். அதுவும் நல்லதாப் போச்சு. பத்தாவது மாடியில சரியான மழை."

"குகைக்குள்ள மழையா?" என்றான் பக்கத்தில் இருந்த முனிரத்தினம். பிளைவுட் கடைக்காரன். வேதாசலம் பேசினால் குறுக்கே விழாமல் அவனுக்கு ரயில் நகராது.

"ஜப்பான்ல பெய்யும்யா. நீ போயிருக்கியா?"

"நீங்க போயிருக்கீங்களா?"

"பத்து மாடி இறங்கினவன் ஜப்பானுக்குப் பாதி தூரம் போனவன்தானே! கேளு. முப்பதாவது மாடியில என் ஆளுக்குப் பசி. கண்ணு சொருகிடுச்சு. கையில ஒரு சோத்துருண்டை கூட இல்ல. வீட்ல அப்பதான் கருவாட்டுக் குழம்பு கொதிக்குது. மெஷினை அடுப்புகிட்ட கொண்டுபோய்ப் பிடிச்சேன் பாருங்க! என் ஆளு மட்டுமா எழுந்தான்? அந்த மாடியில இருந்த பூதம் அத்தனையும் தட்டோட வரிசையில நின்னுச்சு."

திருவள்ளூரில் ஏறிய கூட்டமும் காதைக் கொடுக்க ஆரம்பித்தது. வேதாசலத்தின் குரல் ஒரு படி ஏறியது.

"ஐம்பதாவது மாடியில ஒரு கடை. அங்க திருடினா கடைக்காரன் ஒரே வெட்டு. இல்லையா சிஸ்டர்?"

ஜெசிந்தா தலையாட்டினாள். அது உண்மை. இரண்டாம் மாடிக் கடையிலேயே அவளை வெட்டியிருக்கிறான்.

"நான் திருடல. ஒரு வாளுக்கு மூணு மணி நேரம் பேரம் பேசினேன். கடைசியில கடைச் சாவியை என் கால்ல வச்சுட்டு, 'நீங்களே பார்த்துக்கோங்கண்ணா, நான் ஊருக்குப் போறேன்'னு அழுதுக்கிட்டே போயிட்டான்."

"எந்த பாஷையில அழுதான்?"

"அழுகைக்கு ஏதுய்யா பாஷை? கடைசி மாடிக்கு வா. டிராகன். நம்ம டிரெயின் நீளம். நான் கோவணத்தை இறுக்கிக் கட்டினேன். அது என்னைப் பார்த்துட்டு, 'அடடே, வேதாசலம் சாரா? உக்காருங்க'ன்னு எழுந்து இடம் குடுத்துச்சு. இந்தப் பெட்டியில ஒருத்தனாவது எனக்கு அப்படி எழுந்திருக்கானா? இப்ப கம்பெனிக்காரன் மருமகனுக்கு போன் போட்டுக் கெஞ்சுறான். 'உங்க மாமனாரை நிறுத்தச் சொல்லுங்க, பேயெல்லாம் ராஜினாமா குடுக்குது'ன்னு."

பெட்டியே சிரித்தது. ஜெசிந்தா கையை நீட்டினாள். "மெஷினைக் கொஞ்சம் குடுங்க சார்."

"பேட்டரி இல்லம்மா. அப்புறம் எல்லாம் ஜப்பான் எழுத்து, உங்களுக்குப் புரியாது."

முனிரத்தினம் அவர் பையிலிருந்து எடுத்தே கொடுத்துவிட்டான். பேட்டரி நிறைய இருந்தது. எழுத்து புரியாவிட்டாலும் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று ஜெசிந்தாவுக்கு அத்துப்படி. இதுவரை ஆடிய கணக்கு இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அதிகபட்சம் இறங்கிய மாடி: 2. செத்த தடவை: 1,118.

முனிரத்தினம் எட்டிப் பார்த்தான். எங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை உரக்கவும் படித்தான். "ரெண்டாவது மாடியாம்! ஆயிரத்து நூத்திப் பதினெட்டு தடவை செத்திருக்காராம்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். நின்றிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேதாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் போனது. அவர் வாய் மூடியே இருந்தது. அந்தப் பெட்டியில் யாரும் அதுவரை பார்க்காத காட்சி அது.

பிறகு மற்ற யாருக்கும் கேட்காத குரலில், "மூணாவது மாடியில என்னதான் சிஸ்டர் இருக்கு?" என்றார்.

 அறுபத்து மூன்று சாவுக்கே ஜெசிந்தா போனைத் தலையணையில் வீசியடித்திருக்கிறாள். இந்த மனுஷன் ஆயிரம் தடவைக்கு மேல் விழுந்து, ஆயிரம் தடவையும் எழுந்து நடந்திருக்கிறார். மெஷினைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். முனிரத்தினத்துக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"ஆயிரத்து நூறெல்லாம் ஒரு கணக்கா சார்? நான் போன வாரமே நாலாயிரம் தடவை செத்துட்டேன். முந்தாநாள் குடைப் பேயே வந்து, 'ஏம்மா, டியூட்டிக்கு நேரமாகலையா?'ன்னு கேட்டு என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போச்சு."

வேதாசலம் விருட்டென்று திரும்பினார். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"சும்மா புளுகாதீங்க சிஸ்டர்!" என்றார்.