ஊஞ்சலில் தொலைந்த தூக்கம்

மருதி என்ற பெண்ணுக்கு ஓர் ஊரே சேர்ந்து அநியாயம் செய்தது. அவள் கால் ராசியில்லாத கால் என்றார்கள். அவள் வாசற்படி மிதித்த மாதத்திலிருந்துதான் மாமனாருக்குத் தூக்கம் போயிற்று என்றார்கள். கட்டிய சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர், ஒரே ஒருவர்கூட, "மாமனார் தூக்கத்துக்கும் மருமகள் காலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கவில்லை.

கேளுங்கள், பெரியவர்களே, சிறியவர்களே! சரக்கெல்லாம் மாட்டு முதுகில் ஏறி மலை கடந்த காலம் அது. நெடுந்துறை என்று ஆற்றங்கரையில் ஓர் ஊர். அந்த ஊரில் கூத்தநம்பி என்று ஒரு வணிகர். பொதிமாடுகளில் உப்பு ஏற்றி மலைநாட்டுக்கு அனுப்புவார். அங்கிருந்து மிளகு வரும். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் சேந்தன்.

நம்பி சும்மா இருக்கத் தெரியாத மனிதர். விடிந்தால் மாடுகளை ஆற்றுக்கு ஓட்டுவார். வெயில் ஏறினால் புல் அறுப்பார். வெயில் தாழ்ந்தால் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்புவார். இரவு பாயில் தலை வைத்தால் காலையில்தான் கண் திறப்பார். தாடி நரைத்தும் அந்தத் தூக்கம் நரைக்கவில்லை.

நெடுந்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. மருமகள் வீட்டுக்கு வரும் நாளில் மாமனாரை ஊஞ்சலில் உட்கார வைப்பார்கள். புது மருமகள் அவர் காலைக் கழுவி, "இனி இந்தப் பாதம் சேற்றில் பட வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அன்றோடு அவருக்கு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலும் ஊர் சிரிக்கும். இதற்கு மரியாதை என்று பெயர். மரியாதை யாருக்கு, சுமை யார் தலையில் என்று நான் விளக்க வேண்டுமா?

சேந்தனுக்கு மருதி வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமனார் காலைக் கழுவினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மாடு அவள் கைக்கு வந்தது, புல் அவள் கைக்கு வந்தது, குடம் அவள் இடுப்புக்கு வந்தது. நம்பி ஊஞ்சலில் ஏறினார்.

காலைக் கஞ்சி குடிப்பார், ஊஞ்சல் ஆடும், கண் மூடும். மதியச் சோறு உண்பார், ஊஞ்சல் ஆடும், கண் மூடும். மாலைப் பணியாரம் தின்பார், ஊஞ்சல் ஆடும், கண் மூடும்.

"மாமா, பகல்ல இப்படித் தூங்குறீங்களே" என்று ஒருநாள் மருதி சொன்னாள்.

"யாரு தூங்கினா? கண்ணை மூடி வியாபாரத்தை யோசிச்சிட்டிருக்கேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா யோசிப்பீங்க?"

மருமகள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மாமனார் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, பகலெல்லாம் தூங்கியவருக்கு இரவில் என்ன மிச்சமிருக்கும்? நம்பி புரண்டு படுத்தார். எழுந்து நடந்தார். விடியும் வரை கூரையைப் பார்த்தார். வயதானால் இப்படித்தான் என்று முதலில் நினைத்தார். பிறகு பயந்தார். பயம் வந்ததும் வைத்தியர் வந்தார்.

முதல் வைத்தியர் கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுக்கச் சொன்னார். மருதி அரைத்தாள். தூக்கம் வரவில்லை. இரண்டாம் வைத்தியர் ஜாதிக்காயை இழைத்து நெற்றியில் பூசச் சொன்னார். மருதி இழைத்தாள். தூக்கம் வரவில்லை. மூன்றாம் வைத்தியர் உள்ளங்காலில் பசுநெய் தேய்க்கச் சொன்னார். மருதி தேய்த்தாள். தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வைத்தியர் மறுபடி வந்து ஒரு கேள்வி கேட்டார். "எப்போதிலிருந்து இப்படி?"

நல்ல கேள்வி. பதில்தான் நாசமாய்ப் போனது.

"மருமக வந்த மாசத்திலிருந்து" என்றார் நம்பி. சொன்ன பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். வைத்தியர் தலையை ஆட்டினார். அண்டை வீட்டார் உச்சுக்கொட்டினார்கள். அன்று மாலைக்குள் மருதியின் கால் ஊர் முழுக்க நடந்து முடித்துவிட்டது.

"நீ உன் அப்பன் வீட்டுக்குக் கிளம்பு" என்றார் நம்பி. மருதி கணவனைப் பார்த்தாள். சேந்தன் மாட்டுக் கயிற்றைப் பார்த்தான். கயிற்றில் ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தான்.

அவள் போனாள். இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். மருமகள் இல்லாத வீட்டில் மாமனார் ஊஞ்சலில் உட்கார்ந்தால் அதற்கும் ஊர் சிரிக்கும். ஆகவே நம்பி இறங்கினார். மாடுகளை ஆற்றுக்கு ஓட்டினார், புல் அறுத்தார், தண்ணீர் சுமந்தார். தூக்கம் வந்தது! பழைய தூக்கம், பாறை போன்ற தூக்கம்.

"பார்த்தீங்களா?" என்றார் நம்பி. "பார்த்தோம்" என்றது ஊர். பொய்க்குச் சாட்சி கிடைப்பதைப் போல உண்மைக்குக் கிடைப்பதில்லை.

பழி மருதி ஒருத்தியோடு நின்றிருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்குச் செண்பகம் என்று ஒரு தங்கை. கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நெடுந்துறைக்காரர்கள். "அக்கா கால் அப்படின்னா தங்கை கால் எப்படியோ" என்று சொல்லி வெற்றிலையைத் திருப்பி அனுப்பினார்கள். செண்பகம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கே மருதி நெடுந்துறைச் சாவடியில் கூடியிருந்த ஊர்ச்சபைக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஊர்த்தலைவர் பேராதன் கேட்டார்: "என்னம்மா, பழியை மறுக்கிறியா?"

"மறுக்கலை ஐயா. நான் வந்தேன், தூக்கம் போச்சு. நான் போனேன், தூக்கம் வந்தது. ரெண்டும் நிஜம். ஆனா நான் வந்த அன்னைக்கே மாமா ஊஞ்சல்ல ஏறினார். நான் போன அன்னைக்கே இறங்கினார். தூக்கத்தைத் திருடினது என் காலா, உங்க ஊஞ்சலா? ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம எப்படித் தீர்ப்பு சொன்னீங்க?"

சபை முணுமுணுத்தது. மருமகள் இவ்வளவு பேசலாமா என்பதுதான் அந்த முணுமுணுப்பு. அவள் கேட்டது சரியா என்பது அல்ல.

"மூணு சோதனை வைங்க" என்றாள் மருதி. "முதல்ல, நான் என் அப்பா வீட்டிலேயே இருக்கேன், மாமா மட்டும் ஊஞ்சல்ல உட்காரட்டும். ரெண்டாவது, நான் அந்த வீட்டில இருக்கேன். மாமா ஊஞ்சலை விட்டு இறங்கி வேலை பார்க்கட்டும். மூணாவது, மருமகளே இல்லாத ஒருத்தர் ஊஞ்சல்ல உட்காரட்டும்."

"மருமகளே இல்லாதவன் நான்தான்" என்று பேராதன் சிரித்தார். "எனக்குப் பிள்ளையே கிடையாது. வேளைக்குச் சோறும் ஊஞ்சலும்னா கசக்குமா? அப்படியே ஆகட்டும்."

தூங்கினாரா இல்லையா என்று நம்பியே சபையில் சொல்ல வேண்டும். அவர் தூக்கத்துக்கு அவரைத் தவிர யார் சாட்சி?

முதல் சோதனை. மருதி தொலைவில் இருந்தாள். சேந்தன் முனகிக்கொண்டே மாடு பார்த்தான். நம்பி ஊஞ்சலில் ஆடினார், பகலெல்லாம் யோசித்தார், அதாவது தூங்கினார். இரவில் பொட்டுத் தூக்கமில்லை. சபைக்கு வந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"தூங்கினேன்" என்றார் நம்பி.

பொய். ஏன் சொன்னார்? தூங்கவில்லை என்றால் குற்றமில்லாத பெண்ணை விரட்டியவர் ஆகிவிடுவாரே! அந்த வெட்கத்துக்குப் பயந்து இந்த வெட்கக்கேட்டைச் செய்தார். ஊர் சந்தோஷப்பட்டது.

இரண்டாம் சோதனை. மருதி வீட்டுக்குள் வந்தாள். வாசற்படியை நன்றாக, இரண்டு காலாலும் மிதித்து வந்தாள். நம்பி மாடு ஓட்டினார், புல் அறுத்தார், தண்ணீர் சுமந்தார். இரவில் அவர் விட்ட குறட்டையில் தொழுவத்து மாடுகள் காதை ஆட்டின. சபைக்கு வந்தார்.

"தூங்கலை" என்றார் நம்பி. இந்த முறை தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, அப்போ அந்தக் குறட்டை யாரோடது?" என்றாள் மருதி.

பேராதன் சேந்தனைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீயும் அந்த வீட்டிலதானே இருந்தே? உங்க அப்பா தூங்கினாரா?"

சேந்தன் அப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"எனக்கு எப்படி ஐயா தெரியும்? நான் தூங்கிட்டேன்."

சபை சிரித்தது. மருதி சிரிக்கவில்லை. நம்பியும் சிரிக்கவில்லை. மகனின் அந்தப் பதிலில் தன் முகம் தெரிவதை அவர் பார்த்தார். பார்த்தும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருதி வைத்த சோற்றை உண்ண முடியாமல் கை கழுவினார். "உடம்புக்கு என்ன மாமா?" என்று அவள் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் அவள் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பினாள்.

மூன்றாம் சோதனை. பேராதன் தினமும் ஏரிக்கரையைச் சுற்றி வருகிற மனிதர். அதை விட்டார். ஊஞ்சலில் ஏறினார். காலையில் ஆடினார், மதியம் ஆடினார், மாலையில் ஆடினார். மூன்று வேளையும் யோசித்தார். சபை கூடிய அன்று கோவைப்பழம் போன்ற கண்களோடு வந்து சேர்ந்தார்.

"என்ன தலைவரே, ஊஞ்சல் கசந்ததா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீ சும்மா இருப்பா. ராத்திரியெல்லாம் விழிச்சுக் கிடந்து என் பெண்டாட்டி உயிரை எடுத்துட்டேன். 'நீங்க ஏரிக்கே போங்க சாமி'ன்னு அவ கையெடுத்துக் கும்பிட்டா." பேராதன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்கு மருமகளும் இல்லை, அவ காலும் இல்லை. ஆனா தூக்கம் போச்சு. நான் உள்ளதைச் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு புரியலை. இதே ஊஞ்சல் நம்பிக்கு மட்டும் எப்படித் தூக்கம் கொடுத்தது?"

எல்லாத் தலைகளும் நம்பி பக்கம் திரும்பின.

நம்பி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"முதல் தடவை நான் தூங்கலை. தூங்கினேன்னு சொன்னேன். ரெண்டாம் தடவை நல்லாத் தூங்கினேன். தூங்கலைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு கால்ல ஒண்ணுமில்லை. பகல்ல தூங்கிட்டு ராத்திரித் தூக்கத்தை நான்தான் தொலைச்சேன்."

"தெரிஞ்சுமா பொய் சொன்னீங்க?" என்றார் பேராதன்.

"தூக்கம் வரலைன்னா நான் நோயாளி. அவ கால்ல தப்பில்லைன்னா நான் பாவி. நோயாளியா இருக்கிறது சுலபமா இருந்தது, ஐயா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உச்சுக்கொட்டியவர்கள் தங்கள் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வைத்தியர் எப்போது எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. செண்பகத்தின் மாப்பிள்ளை வீட்டார் சபையிலிருந்தபடியே புது வெற்றிலை வாங்க ஆள் அனுப்பினார்கள். மருமகள் வந்தால் மாமனார் ஊஞ்சல் ஏறும் வழக்கத்தை அன்றே பேராதன் நிறுத்தினார்; தானே அதில் ஆடிப் பார்த்திருக்காவிட்டால் நிறுத்தியிருப்பாரோ என்னவோ!

மறுநாள் பகலில் நம்பி மருதியின் அப்பா வீட்டுக்கு நடந்தே போனார். பின்னால் சேந்தன் வந்தான். மருதி முற்றத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துப் பாய் விரித்தாள். நம்பி உட்காரவில்லை.

"என்னால உன் முகத்தைப் பார்க்க முடியலை, தாயி" என்றார். "ஒரு தப்பை மறைக்க ரெண்டு பொய் சொன்னேன். நீ எனக்கு மருந்து அரைச்ச கை. உன்னைப் போய்... இனி மாட்டையும் குடத்தையும் நான் பார்த்துக்கிறேன். வீட்டுக்கு வர்றியாம்மா?"

சேந்தன் வேலியைப் பார்த்தான்.

மருதி மாமனாரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள்:

"மாமா, நீங்க சபையில எழுந்து சொன்னீங்க. உங்க மேல எனக்கு இருந்த கோபம் அங்கேயே தீர்ந்து போச்சு. பகல்ல கண்ணை மூடாம கை காலை ஆட்டி வேலை பாருங்க. உங்க வயசுக்கு அதைவிட நல்ல தூக்க மருந்து கிடையாது. ஆனா உங்க மகன் இன்னும் எழுந்திருக்கலை. நீங்க குறட்டை விட்டது தனக்குக் கேட்டதுன்னு அதே சபையில அவர் வாயால சொல்லட்டும். அன்னைக்கே நான் வந்துடுறேன். உங்க ரெண்டு பேருக்கும், அந்த ஊருக்கும் சேர்த்துச் சொல்றேன்: தன் பழக்கத்தில் உள்ள குறைக்கு அடுத்தவர் மேல் பழி போடுகிறவருக்கு எந்த மருந்தாலும் நிம்மதியான தூக்கம் வராது."